ஓர் ஊடக ஆய்வாளரின் வாழ்வையும் பணியையும் எழுதுவது எப்படி: ஸ்டுவர்ட் ஹாலை முன்வைத்துச் சில வழிமுறைகள்

நாவலாசிரியர் ஒருவரைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவருக்கு அவருடைய நாவல்களின் பட்டியலே பாதி வழியைக் காட்டிவிடும். ஊடகத்தையும் வெகுசனப் பண்பாட்டையும் ஆராய்ந்த அறிஞரைப் பற்றி எழுத உட்காரும்போது அந்தப் பட்டியல் பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. ஸ்டுவர்ட் ஹால் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. பண்பாட்டு ஆய்வுகள் என்றவுடன் முதலில் நினைவுக்கு வரும் பெயர்களுள் ஒன்று அவருடையது. ஆனால், தொடக்கம் முதல் முடிவு வரை தாம் ஒருவராகவே எழுதிய முழுநீள ஆய்வு நூல் ஒன்றைக்கூட அவர் தம் வாழ்நாளில் வெளியிடவில்லை. அவர் பெயர் தாங்கிய நூல்கள் பல உண்டு. அவை பிறரோடு சேர்ந்து எழுதியவையாகவோ, தொகுத்தவையாகவோ, இதழ்க் கட்டுரைகளின் திரட்டாகவோ இருக்கும். நூல்களை மட்டும் வரிசைப்படுத்தி எழுதினால் கூட்டாக உழைத்தவர்களின் பங்கு மறைந்துபோகும்; அல்லது ஹால் எதையும் எழுதி முடிக்காதவர் என்ற தவறான தோற்றம் உண்டாகும்.

ஆகவே, இத்தகைய ஒருவரின் வாழ்வை எழுத முற்படுபவர் நூல்களைப் பின்தொடர்வதைவிட அவருடைய கட்டுரைகள் பிறந்த தருணங்களையும், அவற்றை எழுதும்போது அருகில் இருந்த மனிதர்களையும் பின்தொடர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதை நடைமுறையில் எப்படிச் செய்வது என்பதை ஹாலின் வாழ்வைக் கொண்டே இங்கே விளக்குகிறேன். பல்கலைக்கழக மாணவர்களும், சிற்றிதழ்களுக்கும் கலைக்களஞ்சியங்களுக்கும் அறிமுகக் கட்டுரை எழுதுகிறவர்களும் இதே முறையை வேறு ஆய்வாளர்களுக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

ஆண்டுகளை இரண்டு நெடுவரிசைகளில் குறித்துக்கொள்ளுங்கள்

முதல் வேலை கால அட்டவணை தயாரிப்பது. பிறப்பு 1932 பிப்ரவரி 3, ஜமைக்காவின் கிங்ஸ்டன். இறப்பு 2014 பிப்ரவரி 10, லண்டன். இவை எளிய செய்திகள். எழுத்துகளுக்கு ஆண்டு குறிக்கும்போதுதான் சிக்கல் தொடங்கும். எனவே ஒவ்வோர் எழுத்துக்கும் அது பேசப்பட்ட அல்லது சுற்றுக்கு விடப்பட்ட ஆண்டை ஒரு நெடுவரிசையிலும், அச்சு நூலில் இடம்பெற்ற ஆண்டை மற்றொரு நெடுவரிசையிலும் எழுதிக்கொள்வது நல்லது.

தொலைக்காட்சிச் செய்தியின் குறியேற்றமும் (அதை உருவாக்குகிறவர்கள் அதில் பொருளை ஏற்றுவது) குறிவிலக்கமும் (பார்க்கிறவர்கள் அதிலிருந்து பொருள்கொள்வது) பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1973இல் லெஸ்டரில் நடந்த ஒரு கருத்தரங்குக்காக எழுதப்பட்டது. அவர் பணியாற்றிய பர்மிங்காம் பல்கலைக்கழகப் பண்பாட்டு ஆய்வு மையம் ஸ்டென்சிலில் வெட்டிப் பிரதியெடுத்துச் சுற்றுக்கு விட்ட தாள்களின் வரிசையில் ஏழாம் எண்ணாக வெளிவந்தது. நம்மில் பெரும்பாலோர் படிப்பதோ 1980இல் ஒரு தொகுப்பு நூலில் வந்த சுருக்கப்பட்ட வடிவத்தை. முதல் வடிவத்தில் கௌபாய் படங்களின் வன்முறையைப் பற்றிய நீண்ட பகுதி உண்டு. 1980இல் அது பெரும்பாலும் வெட்டப்பட்டிருக்கிறது. எந்த வடிவத்தைப் படித்தோம் என்பதைச் சொல்லாமல் இக்கட்டுரையைப் பற்றி எழுதக் கூடாது. 1983 கோடையில் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய விரிவுரைகள் 2016இல்தான் நூலாயின. இவ்வாறு முப்பது ஆண்டு இடைவெளி விழுந்த எழுத்தை 2016ஆம் ஆண்டின் சிந்தனையாக எழுதிவிட்டால் மொத்தக் கதையும் கோணலாகிவிடும்.

தேடும்போது பெயர் ஒற்றுமையிலும் கவனம் வேண்டும். பிபிசியில் பல்லாண்டுகள் விளையாட்டுச் செய்திகளும் கேளிக்கை நிகழ்ச்சிகளும் வழங்கிய இன்னொரு ஸ்டுவர்ட் ஹால் இருக்கிறார். நம்முடைய ஹாலும் பிபிசியில் தோன்றியவர் என்பதால், பழைய நாளிதழ்க் களஞ்சியங்களில் பெயரை மட்டும் இட்டுத் தேடினால் இருவருடைய செய்திகளும் கலந்தே வரும். ஒவ்வொரு குறிப்பையும் பொருளைப் பார்த்த பிறகே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இளமைக் காலத்திலிருந்து எதை எடுப்பது

இளமையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் அடுக்கத் தேவையில்லை. பின்னாளைய சிந்தனைக்குள் நுழைந்த செய்திகளை மட்டும் எடுத்து, அவற்றை நிதானமாக எழுதினால் போதும். ஹாலைப் பொறுத்தவரை அத்தகைய செய்தி தோலின் நிறம்.

அவருடைய தந்தை ஹெர்மன் யுனைடெட் ஃப்ரூட் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் உயர்ந்த பதவிக்கு வந்தவர். தாய் ஜெஸ்ஸி தம் குடும்பத்தின் வெள்ளைத் தோட்ட முதலாளி மரபை எண்ணிப் பெருமைப்பட்டவர். குடியேற்ற ஆட்சிக் கால ஜமைக்காவின் நடுத்தர வர்க்கத்தில் நிறத்தின் ஒவ்வொரு படித்தரமும் ஒரு சமூகத் தகுதியாக இருந்தது. அந்த வீட்டிலேயே மிகவும் கறுத்த பிள்ளையாக ஹால் பிறந்தார். பிறந்த குழந்தையைக் கண்ட அக்காள், இந்தக் ‘கூலிக் குழந்தை’ எங்கிருந்து வந்தது என்று கேட்டதாகக் குடும்பத்தில் வேடிக்கைபோலச் சொல்லிக்கொண்டிருந்ததை அவரே நேர்காணல்களில் நினைவுகூர்ந்திருக்கிறார். ‘கூலி’ என்பது ஜமைக்காவில் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களின் வழிவந்தோரை இழிவாகக் குறித்த சொல். நம் மொழியில் உழைப்புக்கான ஊதியத்தைக் குறிக்கும் சொல் கடல் கடந்து அங்கே வசைச்சொல்லாகிக் கிடந்தது என்பதைத் தமிழில் எழுதுகிறவர் ஒரு வரியிலாவது சுட்டிவிட்டுச் செல்ல வேண்டும்.

அதே அக்காள் பின்னர்க் கறுப்பின மருத்துவ மாணவர் ஒருவரை விரும்பியபோது, பெற்றோர் நிறத்தைக் காரணம் காட்டித் தடுத்தனர். அவர் மனம் உடைந்து நோயுற்று, மின்னதிர்ச்சிச் சிகிச்சைக்கு உள்ளானார். ஹால் அப்போது பதின்ம வயதினர். சமூகத்தின் அமைப்பு என்பது வெளியே மட்டும் இருப்பதன்று, மனிதரின் உள்ளத்துக்குள்ளும் அது வாழ்கிறது என்பதை அந்நிகழ்ச்சியிலிருந்தே தாம் கற்றதாக அவர் கூறினார். அடையாளத்தைப் பற்றி அவர் 1980களிலும் 1990களிலும் எழுதியவற்றைப் படித்தவர்களுக்கு இந்தச் செய்தியின் எடை புரியும்.

இச்செய்திகள் அனைத்தும் ஹாலின் வாய்மொழியாக, நிகழ்ந்து பல பத்தாண்டுகள் கழித்து நமக்குக் கிடைப்பவை என்பதையும் மறைக்கக் கூடாது. பில் ஷ்வார்ஸுடன் நீண்ட காலம் நடத்திய உரையாடல்களிலிருந்து உருவான அவருடைய தன்வரலாறு, அவர் மறைந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 2017இல் வெளிவந்தது. அதுவும் ஏறக்குறைய 1960களின் தொடக்கத்தோடு நின்றுவிடுகிறது. எனவே ‘ஹால் நினைவுகூர்ந்தபடி’ என்ற தொடரைத் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

துறை எங்கிருந்து பிறந்தது என்பதைத் தேடுங்கள்

ஹால் 1951இல் ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரிக்கு ஆங்கில இலக்கியம் படிக்கச் சென்றார். நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கி, பாதியில் விட்டார். இந்த இடத்தில் பல அறிமுகக் கட்டுரைகள் ‘அரசியல் ஈடுபாட்டால் படிப்பைக் கைவிட்டார்’ என்று ஒரே வரியில் தாண்டிச் செல்கின்றன. 1956 என்ற ஆண்டை விளக்காமல் அந்த வரிக்குப் பொருளில்லை. சூயஸ் கால்வாய் மீது பிரிட்டனும் பிரான்சும் படையெடுத்ததும், ஹங்கேரியின் எழுச்சியைச் சோவியத் டாங்கிகள் நசுக்கியதும் அந்த ஓர் இலையுதிர் காலத்தில் அடுத்தடுத்து நிகழ்ந்தன. ஏகாதிபத்தியத்தையும் ஸ்டாலினியத்தையும் ஒருசேர மறுக்கும் இடதுசாரி நிலைப்பாடு ஒன்று தேவைப்பட்ட இளைஞர்கள் 1957இல் ஓர் இதழைத் தொடங்கினர். ஹாலோடு ரஃபேல் சாமுவேல், சார்லஸ் டெய்லர், கேப்ரியல் பியர்சன் ஆகியோர் அதன் ஆசிரியர்கள். அது வரலாற்றாசிரியர் இ. பி. தாம்சன் முதலியோர் நடத்திய மற்றோர் இதழுடன் இணைந்து 1960இல் ‘நியூ லெஃப்ட் ரிவ்யூ’ ஆனபோது, முதல் ஆசிரியர் பொறுப்பை ஏற்றவர் இருபதுகளின் இறுதியில் இருந்த ஹால்.

இதே ஆண்டுகளில் அவர் லண்டனின் தென்பகுதியில் ஒரு சாதாரண மேல்நிலைப் பள்ளியில் தற்காலிக ஆசிரியராக வேலை செய்தார். எழுத்தாளர் எவரும் அவசரத்தில் விட்டுவிடக்கூடிய செய்தி இதுதான். என் பார்வையில் மொத்த வாழ்விலும் மிக முக்கியமான செய்திகளுள் இதுவும் ஒன்று. வகுப்பில் இருந்த பிள்ளைகள் பாடநூலைவிடப் பாப் இசையிலும் திரைப்படத்திலும் வாழ்ந்தனர். அவற்றை நஞ்சென்று ஒதுக்குவதா, வகுப்புக்குள் கொண்டுவந்து நல்லதையும் அல்லாததையும் பிரித்தறியக் கற்பிப்பதா என்ற கேள்வி அன்றைய பிரிட்டிஷ் ஆசிரியர்களிடையே கூர்மையாக இருந்தது. தேசிய ஆசிரியர் சங்கம் 1960இல் வெகுசனப் பண்பாட்டைப் பற்றி ஒரு மாநாடே நடத்தியது. 1961இல் செல்சி கல்லூரியில் திரைப்படமும் ஊடகமும் கற்பிக்கத் தொடங்கிய ஹால், பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனத்தின் கல்வி அதிகாரி பேடி வானலோடு சேர்ந்து 1964இல் வெகுசனக் கலைகளைப் பற்றிய நூலை எழுதியது இந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்காகவே. அது ஆசிரியர்களுக்காக எழுதப்பட்ட நூல். வெகுசனப் பண்பாட்டு ஆய்வு பிரெஞ்சுக் கோட்பாட்டிலிருந்து இறங்கி வந்ததாக எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தப் பள்ளிக்கூட வகுப்பறையை நினைவூட்ட வேண்டும்.

நிறுவனத்தை ஒரு பாத்திரமாக எழுதுங்கள்

பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் தற்காலப் பண்பாட்டு ஆய்வு மையத்தை 1964இல் நிறுவியவர் ரிச்சர்ட் ஹாகர்ட். ஹால் நிறுவினார் என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. ஹாகர்ட் அழைத்து வந்த முதல் துணை ஆய்வாளர் ஹால். ஹாகர்ட் யுனெஸ்கோ பணிக்குச் சென்றதையடுத்து 1960களின் இறுதியிலிருந்து மையத்தை நடத்தி, பின்னர் இயக்குநராகி, 1979 வரை இருந்தார். மையத்துக்குத் தொடக்கப் பணம் கொடுத்தவர்களுள் பெங்குவின் பதிப்பகத்தின் ஆலன் லேன் ஒருவர். 1960இல் அந்தப் பதிப்பகம் ஆபாச வழக்கைச் சந்தித்தபோது அதன் சார்பில் சாட்சி சொன்னவர் ஹாகர்ட். பணம் எங்கிருந்து வந்தது என்ற இத்தகைய செய்திகள், துறையொன்று எவ்வளவு நலிந்த பிடிமானத்தில் உயிர்த்திருந்தது என்பதை நேரடியாகக் காட்டும்.

அதைவிட முக்கியம், வேலை எப்படி நடந்தது என்பது. அங்கே இருந்த ஆசிரியர்கள் இரண்டு மூன்று பேர். மற்றவர்கள் பட்டமேற்படிப்பு மாணவர்கள். அவர்கள் ஊடகம், துணைப்பண்பாடு, பெண்கள், இனம் என்று சிறு குழுக்களாகப் பிரிந்து, ஒன்றாகப் படித்து, ஒன்றாக எழுதி, முற்றுப்பெறாத வரைவுகளையும் ஸ்டென்சில் தாள்களாக வெளியிட்டனர். 1971 முதல் சொந்த ஆய்விதழும் வந்தது. தொழிலாளர் வர்க்கச் சிறுவர்கள் ஏன் தொழிலாளர்களாகவே ஆகிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் அமர்ந்து ஆராய்ந்த பால் வில்லிஸ், பங்க் முதலிய இளைஞர் பாணிகளை ஆராய்ந்த டிக் ஹெப்டிஜ், சிறுமிகளின் இதழ்களை ஆராய்ந்த ஏஞ்சலா மக்ராபி, பின்னாளில் பால் கில்ராய், ஹேஸல் கார்பி எனப் பலரும் அந்த அறைகளிலிருந்து வந்தவர்கள். ஹாலின் பணியை எழுதும்போது இப்பெயர்களை ‘அவருடைய சீடர்கள்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கிவிடாமல், யார் எதை எழுதினார் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். குரு–சீடர் மரபில் ஊறிய நமக்கு அந்தச் சொல் இயல்பாக வந்துவிடும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மையத்துக்குள் எழுந்த பிணக்குகளும் வாழ்வின் பகுதியே. பெண்ணியக் குழு 1978இல் தனி நூல் கொண்டுவந்து, வர்க்கத்தையும் இளைஞர்களையும் பற்றிய ஆய்வுகளில் பெண்கள் காணாமற்போனதை எடுத்துக்காட்டியது. பெண்ணியத்தைக் கொள்கையளவில் வரவேற்ற ஹால், மூத்த ஆண் என்ற முறையில் தாமே எதிர்ப்பின் இலக்கானதைத் தாங்க முடியாத முரண்நிலையாக உணர்ந்ததாகவும், மையத்தை விட்டு விலகியதற்கு அதுவும் ஒரு காரணம் என்றும் பின்னாளில் வெளிப்படையாகப் பேசினார். அவருடைய மனைவி கேத்தரின் ஹாலே பெண்ணிய வரலாற்றாசிரியர். இப்பகுதியை மரியாதை கருதி விட்டுவிடுகிற கட்டுரை அவருக்கே நியாயம் செய்யாது, ஏனெனில் அவர் அதை விடவில்லை. மையம் பின்னர்த் துறையாக மாறியது. 2002இல் பல்கலைக்கழகம் அத்துறையை மூடிவிட்டது. இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு மேலே செல்லலாம்.

ஒரு கருத்தை விளக்கும் முறை

அறிஞரின் எல்லாக் கருத்துகளையும் ஓரிரு வரிகளில் சுருக்குவதைவிட, ஒன்றை எடுத்து முழுமையாக விளக்குவது வாசகருக்குப் பயன்படும். அதற்கு மூன்று கேள்விகள் உதவும்: யாருக்கு எதிராகச் சொன்னார், எந்த எடுத்துக்காட்டை வைத்துச் சொன்னார், எதை அவர் சொல்லவில்லை.

குறியேற்றம்–குறிவிலக்கம் கட்டுரையையே எடுத்துக்கொள்வோம். அன்றைய தகவல்தொடர்பு ஆய்வு, செய்தி அனுப்புபவரிடமிருந்து பெறுபவருக்கு நேர்கோட்டில் செல்கிறது என்றும், அது ஏற்படுத்தும் விளைவை அளந்துவிடலாம் என்றும் கருதியது. ஹால் அதை மறுத்தார். நிகழ்ச்சியொன்று செய்தியாவதற்கு முன்னால் கதையாக வேண்டும். அந்தக் கதையை உருவாக்கும் நிறுவனத்துக்குத் தன் வழக்கங்களும் அதிகாரத்தோடு உறவுகளும் உண்டு. பார்க்கிறவருக்கும் தம் வாழ்நிலை உண்டு. ஆகவே இரு முனைகளிலும் பொருள் ஒன்றாகவே இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. பார்வையாளர் முன்வைக்கப்பட்ட பொருளை அப்படியே ஏற்கலாம். பொதுவாக ஏற்றுத் தம் நிலைக்கு ஏற்ப விலக்குகள் கோரலாம். அல்லது முற்றிலும் எதிர்நிலையிலிருந்து படிக்கலாம்.

நடுவில் உள்ள நிலைதான் கட்டுரையின் உயிர். அதற்கு ஹால் தந்த எடுத்துக்காட்டு, அக்காலத்துத் தொழிலுறவுச் சட்டம் பற்றியது. பணவீக்கத்தைக் கட்டுப்படுத்த எல்லாரும் குறைந்த ஊதியத்தோடு நிற்க வேண்டும் என்ற ‘நாட்டு நலன்’ வாதத்தைத் தொலைக்காட்சியில் கேட்டு ஒப்புக்கொள்ளும் ஒரு தொழிலாளி, தம் ஆலையில் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்யவும் தயாராக இருக்கக்கூடும். அவரைக் குழப்பவாதி என்று சொல்லிவிட முடியாது. தேசத்தின் பெயரால் பேசும் தர்க்கத்தையும் தம் பணியிடத்தின் தர்க்கத்தையும் ஒரே மனத்தில் சுமக்கும் இயல்பான மனிதர் அவர். இந்த எடுத்துக்காட்டைச் சொல்லாமல் மூன்று நிலைகளின் பெயர்களை மட்டும் பட்டியலிட்டால், தேர்வுக்கு மனப்பாடம் செய்ய உதவும் குறிப்பு மட்டுமே மிஞ்சும்.

ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி பொருள்கொள்ளலாம் என்று ஹால் சொன்னதாக எழுதுவது தவறு. பொருள்களுக்குள் ஆதிக்கப் படிநிலை உண்டு, விரும்பப்படும் பொருள் ஒன்று படைப்புக்குள் பதிந்திருக்கிறது என்பதே அவர் கருத்து. பார்வையாளருக்குக் கிடைக்கும் இடைவெளி உண்மையானது. அதற்கு எல்லையும் உண்டு.

மொழிபெயர்க்க மறுக்கும் சொற்களோடு போராடுங்கள்

தமிழில் எழுதுகிறவருக்கு மட்டுமே உரிய வேலை ஒன்று உண்டு. 1981இல் வந்த ஒரு கட்டுரையில் ஹால் ‘பாப்புலர்’ என்ற சொல்லையே பிரித்துப் பார்க்கிறார். பெருந்தொகையினர் வாங்குவது, கேட்பது, பார்ப்பது என்பது சந்தை தரும் பொருள். மக்கள் செய்வதெல்லாம் என்பது விவரணைப் பொருள். இரண்டும் போதா என்று சொல்லி, ஆதிக்கப் பண்பாட்டோடு இடைவிடாத இழுபறியில் இருக்கும் களம் என்ற மூன்றாவது பொருளை அவர் தேர்கிறார். எதற்காக வெகுசனப் பண்பாட்டை ஆராய வேண்டும் என்பதற்கு அவர் தந்த விடையும் அங்கேதான் உள்ளது: அதிகாரத்துக்கான போராட்டம் நடக்கும் இடங்களுள் அது ஒன்று, அப்படி இல்லாவிட்டால் அதைப் பற்றித் தமக்கு எள்ளளவும் அக்கறை இல்லை என்று முடிக்கிறார்.

நம்மிடம் இதற்கு வெகுசனம், ஜனரஞ்சகம், மக்கள் என்று குறைந்தது மூன்று சொற்கள் புழங்குகின்றன. ‘ஜனரஞ்சகம்’ மகிழ்விப்பதைக் குறிப்பதால் இழுபறி அதில் தெரிவதில்லை. ‘மக்கள்’ என்பதில் போராட்டத்தின் வாடை உண்டு, ஆனால் வணிகத்தின் பங்கு மறைந்துவிடுகிறது. ‘மக்கள் கலை’ என்றவுடன் பறையும் கூத்தும் நினைவுக்கு வருமே தவிரத் தொலைக்காட்சி விளம்பரம் வராது. ‘வெகுசனம்’ எண்ணிக்கையை முன்னிறுத்துகிறது. நான் ‘வெகுசன’ என்பதையே எடுத்துக்கொண்டு, முதல் முறை பயன்படுத்தும்போது இந்த மூன்று சொற்களின் சாய்வையும் விளக்கிவிடுகிறேன். சொல்லைத் தேர்ந்ததற்கான காரணத்தைச் சொல்வதே ஹாலின் வாதத்தை விளக்குவதாகவும் ஆகிவிடுகிறது.

அதைவிடக் கடினமான சொல், தெருவில் ஒருவரைத் தாக்கிப் பணம் பறிப்பதைக் குறிக்கும் ‘மக்கிங்’. ஹால், சாஸ் கிரிட்சர், டோனி ஜெஃபர்சன், ஜான் கிளார்க், பிரையன் ராபர்ட்ஸ் ஆகிய ஐவர் சேர்ந்து எழுதி 1978இல் வெளியிட்ட ‘போலீசிங் தி கிரைசிஸ்’ நூல் இந்தச் சொல்லைச் சுற்றியே கட்டப்பட்டது. பர்மிங்காமின் ஹேண்ட்ஸ்வொர்த்தில் 1972இல் நடந்த தாக்குதல் வழக்கொன்றில் 16 வயதுச் சிறுவனுக்கு 20 ஆண்டும் மற்ற இருவருக்குத் தலா 10 ஆண்டும் தண்டனை விதிக்கப்பட்டது. தெருவில் பணம் பறிப்பது பிரிட்டனில் பழைய குற்றம். 1972இல் புதிதாக இருந்தது, கறுப்பின இளைஞர்களின் உருவத்தையும் அமெரிக்க நகரங்களைப் பற்றிய அச்சத்தையும் சுமந்துகொண்டு செய்தித்தாள்களில் இறங்கிய அந்தச் சொல். காவல்துறையின் சிறப்புப் படைகள், நீதிபதிகளின் கடுந்தண்டனைகள், அவற்றை மேற்கோள் காட்டும் செய்திகள் என ஒன்றுக்கொன்று ஊட்டமளித்து ஒரு பீதி வளர்ந்ததையும், பொருளாதார நெருக்கடியில் இருந்த அரசுக்குச் சட்டம் ஒழுங்கின் பெயரால் மக்கள் ஒப்புதலைத் திரட்ட அது உதவியதையும் ஐவரும் படிப்படியாகக் காட்டினர். இதை ‘வழிப்பறி’ என்று மொழிபெயர்த்தால் வாதமே இறந்துவிடும். அது நம் மொழியில் கள்வர் காலத்துப் பழஞ்சொல். ஒலிபெயர்த்தே எழுதி, ஏன் மொழிபெயர்க்கவில்லை என்று விளக்குங்கள். ஐவரின் பெயர்களையும் எழுதுங்கள். ‘ஹாலும் மற்றவர்களும்’ என்று சுருக்குவது, அந்நூல் எழுதப்பட்ட முறைக்கே எதிரானது.

எதிர்த்தவரை அவருடைய வலிமையோடு எழுதுங்கள்

1979 ஜனவரியில் ‘மார்க்சிசம் டுடே’ இதழில் ஹால் எழுதிய கட்டுரை, பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவர் மார்கரெட் தாட்சரின் அரசியலை ஒரு புதிய வரலாற்று நிகழ்வாக அடையாளம் கண்டது. தாட்சர் தேர்தலில் வென்றது அவ்வாண்டு மே மாதம். ஆகவே இங்கே ஆண்டு போதாது, மாதமும் குறிக்க வேண்டும். இத்தாலிய மார்க்சியச் சிந்தனையாளர் கிராம்சியின் வழிநின்று அவர் காட்டியது இதுதான்: வலதுசாரிகள் உழைக்கும் மக்களின் உண்மையான மனக்குறைகளை எடுத்து, குடும்பம், ஒழுங்கு, தேசம் என்ற சொற்களில் கோத்து, அவர்களின் ஒப்புதலையே பெற்றுவிடுகிறார்கள், அதை ஏமாற்று என்று ஒதுக்குகிற இடதுசாரிகளுக்கு அதை எதிர்கொள்ள வழி தெரியாது.

பத்தாண்டுகளுக்குப் பிறகு, 1989இல், மார்ட்டின் ஜாக்குவஸுடன் சேர்ந்து ‘நியூ டைம்ஸ்’ என்ற தொகுப்பை ஹால் கொண்டுவந்தார். பெருந்தொழிற்சாலைக் காலம் முடிந்து, நுகர்வும் அடையாளமும் அரசியலின் மையத்துக்கு வந்துவிட்டன என்பது அதன் நோக்கு. அதை மிகக் கடுமையாகத் தாக்கியவர் அ. சிவானந்தன். 1923இல் கொழும்பில் பிறந்த இந்த ஈழத்தமிழர், 1958 கலவரத்தையடுத்து லண்டனுக்குப் பெயர்ந்து, இனவுறவு நிறுவனத்தின் நூலகராகச் சேர்ந்து, பின்னர் அதன் இயக்குநராகி, ‘ரேஸ் அண்ட் கிளாஸ்’ இதழை நடத்தியவர். அவ்விதழில் 1990இல் வந்த அவருடைய கட்டுரை, நியூ டைம்ஸ் சிந்தனை தாட்சரியத்தின் விழுமியங்களையே சோசலிசமாக விற்கிறது என்றது. நுகர்வின் சுதந்திரத்தைப் பேசுகிறவர்கள், அந்த நுகர்வுக்காகக் குறைந்த கூலியில் உழைக்கும் புலம்பெயர்ந்தோரையும் அகதிகளையும் மூன்றாம் உலகத் தொழிலாளர்களையும் பார்வையிலிருந்து விட்டுவிட்டார்கள் என்பது அவர் குற்றச்சாட்டின் சாரம்.

தமிழ் வாசகருக்கு இந்த இடம் நெருக்கமானது என்பதால் அதை ஊதிப்பெருக்கவும் தோன்றும். அது வேண்டாம். குடியேற்ற ஆட்சியின் இரண்டு தீவுகளிலிருந்து லண்டனுக்கு வந்த இருவர், ஒருவர் பண்பாட்டின் வழியாகவும் மற்றவர் உழைப்பின் வழியாகவும் இனவெறியை எதிர்த்தவர்கள், ஒரே ஊரில் இருந்துகொண்டு கருத்து மோதினார்கள். சிவானந்தனின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எழுதினால், ஹால் என்ன விலை கொடுத்து என்ன கண்டார் என்பதும் விளங்கும். என்னைக் கேட்டால், தாட்சரியத்தைப் பற்றி ஹால் எழுதியது நிலைத்து நிற்கிறது. நியூ டைம்ஸைப் பொறுத்தவரை சிவானந்தன் சுட்டிய இடைவெளி இன்றும் அடைபடவில்லை. கட்டுரையாளர் இப்படித் தம் தீர்ப்பைச் சொல்லலாம், இரு தரப்பையும் படித்த பிறகு.

கற்பித்தலும் திரையும் ஆவணங்களே

1979 முதல் 1997 வரை ஹால் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியர். முன்தகுதி கேட்காமல் யாரையும் சேர்த்துக்கொண்ட அந்நிறுவனத்தில், வேலைக்குப் போய்க்கொண்டே படித்தவர்களுக்கு அஞ்சல் வழியிலும் பிபிசி ஒளிபரப்பிலும் பாடம் சென்றது. கல்விப் பின்புலம் இல்லாதவர்களிடம் இக்கருத்துகளைக் கொண்டுசெல்ல முடியுமா என்ற கேள்விதான் அவரை அங்கே ஈர்த்தது. அவருடைய மிகப் பரவலாகப் படிக்கப்படும் பக்கங்களுள் பல, அங்கே 1997இல் வந்த பாடநூல்களில் இருக்கின்றன. சோனி வாக்மேன் என்ற சிறு கருவியை வைத்து ஒரு பொருளின் உற்பத்தி, விளம்பரம், பயன்பாடு, அடையாளம் அனைத்தையும் கற்பித்த கூட்டு நூல் அவற்றுள் ஒன்று. பாடநூலைப் பணியாகக் கணக்கிடாத வாழ்க்கைக் குறிப்பு இவரிடத்தில் பாதியை இழந்துவிடும்.

திரையில் அவர் தோன்றியவற்றையும் பார்த்து எழுதுங்கள். 1979 மார்ச்சில் பிபிசியின் பொதுமக்கள் நேர ஒதுக்கீட்டில் அவரும் நடிகை மேகி ஸ்டீடும் வழங்கிய நிகழ்ச்சி, தொலைக்காட்சியின் நகைச்சுவையிலும் செய்தியிலும் இருந்த இனவெறியைத் தொலைக்காட்சியிலேயே பிரித்துக் காட்டியது. ஜான் அகோம்ஃப்ரா 2013இல் எடுத்த ஆவணப்படம், ஹாலின் பழைய ஒலி, ஒளிப் பதிவுகளை ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் இசையோடு கோத்தது. அது அழகான படைப்பு. வெட்டித் தொகுக்கப்பட்ட படைப்பும்கூட. அதில் கேட்ட வாக்கியத்தை மேற்கோளாக எடுப்பதற்கு முன், அது எந்த ஆண்டில் எந்த நிகழ்ச்சியில் சொல்லப்பட்டது என்று தேடிப் பாருங்கள். அவருடைய தாள்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் கேட்பரி ஆய்வு நூலகத்தில் இருக்கின்றன. கறுப்பின, ஆசிய வம்சாவளிக் கலைஞர்களுக்காக லண்டனில் 2007இல் திறக்கப்பட்ட ரிவிங்டன் பிளேஸ் அவர் பல்லாண்டு உழைப்பின் பயன். அங்கே தொடங்கிய கலை நூலகத்துக்கு அவர் பெயரையே வைத்தனர்.

கட்டுரையை எங்கே முடிப்பது என்பதிலும் ஒரு சபலம் உண்டு. ஹால் அடக்கம் செய்யப்பட்டது ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில். மார்க்ஸின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. பலரும் அந்தப் பொருத்தத்தில் கட்டுரையை நிறைவு செய்கின்றனர். அவர் இறந்த பிறகு வந்தவற்றைக் கணக்கிட்டு முடிப்பது இன்னும் உண்மையானது: 2016 முதல் அவருடைய விரிவுரைகள், அரசியல் கட்டுரைகள், ஊடகம் பற்றிய எழுத்துகள், மார்க்சியம் பற்றிய எழுத்துகள் எனத் தொகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கின்றன, அவற்றுள் பல முன்பு ஸ்டென்சில் தாளிலோ சிற்றிதழிலோ மட்டும் கிடந்தவை. ஆகவே கட்டுரையின் அடியில், எந்த ஆண்டு வரை வெளியானவற்றைப் பார்த்து எழுதினீர்கள் என்பதைத் தெளிவாகக் குறித்துவிடுங்கள். அடுத்து எழுத வருகிறவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.